ரெண்டாவது கேமரா

சொர்ணம்மாளுக்கு வாயில் மொத்தமே நாலு பல். மேலே மூன்று, கீழே ஒன்று. அந்த நாலு பல்லும் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூன்று மாடி உயரத்தில், ஒவ்வொன்றும் முழ நீளத்துக்கு நிற்பதைப் பார்த்தபோது செல்வதாஸின் கையிலிருந்த ஆல்பம் அட்டைக் கட்டு நழுவி, கீழே உட்கார்ந்திருந்த தக்காளிக்காரியின் கூடையில் விழுந்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று அவள் ஏசினாள். அது அவர் காதில் ஏறவே இல்லை.

விளம்பரப் பலகை. சொர்ணம்மாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்தப் போன கை பாதி வழியில் நிற்க, சிரிக்கிறாள். பார்க்கிற எவனுக்கும் தானாகச் சிரிப்பு வரும், அப்படி ஒரு சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில், 'கவலை எங்களுக்கு, சிரிப்பு உங்களுக்கு.' ஏதோ காப்பீட்டுக் கம்பெனி. மும்பையில் தலைமை ஆபீஸ், ஊருக்கு ஊர் கிளை, அந்த மாதிரிக் கம்பெனி.

செல்வதாஸுக்கு முதலில் நெஞ்சு விம்மியது. எனக்க ஸ்டூடியோ படமில்லா! அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. கள்ளப் பயலுவ, கேக்காம எடுத்து இம்புட்டுப் பெருசா ஒட்டி வச்சிருக்கானுவ, மூலையில ஒரு பேரு உண்டுமா? மூன்றாவதாக வந்ததுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் இத்தனை படம் எடுத்தேனே, எனக்க படம் ஒண்ணைக்கூட ஒருத்தனும் களவாண்டது இல்லியே. களவாங்குதவனுக்கும் இவளுக்க படம்தான் கண்ணுல பட்டுதா?

இவள் என்றால் சத்தியபாய். அவர் பெண்டாட்டி. அந்தப் படத்தை எடுத்தவள் அவள்தான். அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவளுக்கும் அவருக்கும்.

நெய்யூரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் இருக்கிற செல்வதாஸ் ஸ்டூடியோவுக்கு முப்பத்தோரு வயசு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் எடுக்காத கல்யாணம் குறைவு. ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், வீட்டுப் பிரதிஷ்டை, எல்லாத்துக்கும் அவர்தான். ஆளும் லேசுப்பட்டவர் இல்லை. வெளிச்சம், நிழல், லென்ஸ் என்று ஆரம்பித்தாரென்றால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு பாடம் நடத்துவார். சத்தியபாய் ஆரம்பத்தில் லைட்டுக்குக் குடை பிடித்தாள், பேட்டரி மாற்றினாள், பெண்ணின் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். பிறகு பெண்கள் பக்கம் படமெடுக்க ஆள் போதவில்லை என்று ஒரு பழைய கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். "சும்மா அமுக்கு, பத்துல ஒண்ணு தேறும்" என்றார். அன்று முதல் அது ரெண்டாவது கேமரா. அதில் வந்த படங்களை ஆல்பத்தில் ஓரமாக, தீப்பெட்டி அளவில் போடுவார்.

அந்தப் படம் எடுத்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு துட்டி வீட்டில். ஆமாம், சாவு வீட்டில்தான். நம்ம பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் துட்டி என்றால் போட்டோ இல்லாமல் முடியாது, தெரியுமே. பெட்டியை முற்றத்துப் பந்தலில் வைத்து, சுற்றிப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக நிறுத்தி எடுத்து, துபாயிலிருந்து வரமுடியாமல் போன மகனுக்கு அனுப்பினால்தான் துட்டி முறையாக நடந்த கணக்கு. அன்றைக்குப் போனது தங்கப்பன் சார், ரிட்டயர்டு வாத்தியார். செல்வதாஸுக்கு முந்தின மூன்று நாளும் அடுத்தடுத்துக் கல்யாணம், சரியான தூக்கம் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று, கையை உயர்த்தி, "கடைசி வரிசை தலையத் தூக்குங்க, அண்ணாச்சி கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் வாய் அதுபாட்டுக்குப் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் சிரிங்க பாப்போம்!"

முற்றம் அப்படியே உறைந்துபோயிற்று. போதகர் ஜெபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தங்கப்பன் சாரின் மூத்த மகன் முறைத்தான். தலைமாட்டில் நின்ற பக்கத்து வீட்டு சொர்ணம்மாள், விடிய விடிய அழுது தொண்டை கட்டிப்போனவள், வெடித்துச் சிரித்தாள். "சாருக்குக் காது கேட்டிருந்தா அவரே சிரிச்சிருப்பாரு மக்கா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். செல்வதாஸ் நாற்காலியிலேயே மரமாக நின்றார், பொத்தானை அமுக்கவே இல்லை. அமுக்கியது ரெண்டாவது கேமரா.

அதற்குப் பிறகு ஆறு மாசம் துட்டி வீட்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. சாயாக்கடையில் பயல்கள், "சிரிங்க சார் வந்தாச்சு" என்று கண்ணடித்தார்கள். அது கூடப் பொறுக்கலாம். கம்ப்யூட்டரில் சத்தியபாய் எடுத்த அந்தப் படத்தைப் பார்த்ததுதான் பொறுக்கவில்லை. இடப்பக்கம் நாற்காலி மேல் அவர், கை ஆகாசத்தில், வாய் ஆவென்று. நடுவே பூமாலையோடு பெட்டி. வலப்பக்கம் சொர்ணம்மாள். சொர்ணம்மாளின் மேல் பந்தல் இடுக்கு வழியாக வெயில் விழுந்து, ஒவ்வொரு சுருக்கமும் துலங்குகிறது. செல்வதாஸ் ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். இது பத்தில் ஒன்று தேறுகிற படம் இல்லை. இது அவர் ஆயுசில் எடுக்காத படம். பொறாமைக்கு நம்ம ஊரில் கண்ணுகடி என்று சொல்லுவோமே, அது அன்றைக்குத் தொடங்கியது.

தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் படக்காரன் கை, நல்ல படத்தை அழிக்க வராது. தன்னை வெட்டினார், பெட்டியை வெட்டினார், சொர்ணம்மாளை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் 'செல்வதாஸ் ஸ்டூடியோ, நெய்யூர்' என்று போட்டு முகநூலில் ஏற்றினார். படத்தின் மேல் பெயர் இருக்கக்கூடாது என்று விதி வைத்திருந்த ஏதோ இணையப் போட்டிக்கும் பெயரில்லாமல் முழு அளவில் அனுப்பினார். போட்டியில் பரிசு கிடைக்கவில்லை, ஆனால் முகநூலில் படம் எங்கெங்கோ போயிற்று. சபையில் அறிவிப்பு நேரத்தில் போதகர் பாராட்டினார். செல்வதாஸ் எழுந்து நின்று கைகூப்பினார். நான் எடுத்தேன் என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அவள் எடுத்தாள் என்றும் சொல்லவில்லை. சத்தியபாய் பக்கத்துப் பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து மீனுக்கு உப்புப் போடும்போது மட்டும், "நல்லா வெட்டியிருக்கீங்க" என்றாள். பாராட்டா, குத்தலா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வடசேரியில் பார்த்ததை இரண்டு நாள் அவளிடம் மூச்சுவிடவில்லை. மூன்றாம் நாள் மகள் ஜெனிலா பெங்களூரிலிருந்து போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், சத்தியபாய் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கைத் தொலி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, உங்க படம் இங்க மெட்ரோ ஸ்டேஷன்ல இருக்கு! உங்ககிட்ட கேட்டானுவளா?"

"இல்ல மக்கா."

"அப்போ விடாதீங்க. காப்பிரைட் உங்களுக்குத்தான். ஒரு வக்கீலை வச்சு நோட்டீஸ் விடுங்க."

உங்க படம், உங்களுக்குத்தான். பிள்ளை சொல்லச் சொல்ல சத்தியபாயின் கத்தி நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோகிற விஷயம். சொன்னாரா? எப்படிச் சொல்லுவார். "வக்கீலாவது கிக்கீலாவது" என்று எரிந்து விழுந்தார். "அவன் கோடி கோடியா வச்சிருக்கான். நம்ம ஒரு நோட்டீஸ் விட்டா அவன் பத்து விடுவான். கேஸு முடியதுக்குள்ள என்னைப் பெட்டியில வச்சிருவாங்க."

சொன்ன காரணம் அத்தனையும் நியாயமான காரணம்தான். உண்மையான காரணம் வேறே. வக்கீல் என்று வந்தால் முதல் கேள்வியே, படம் எடுத்தது யாரு என்பதாக இருக்கும்.

மறுநாள் சத்தியபாய், "வடசேரி வரைக்கும் போயிட்டு வாறேன்" என்றாள். வாழைக்குலை பார்க்கணுமாம். கையில் குலையும் இல்லாமல் காயும் இல்லாமல் மத்தியானம் திரும்பி வந்தாள். அந்த முகத்தைப் பார்க்கணுமே! கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு தெளிச்சி அவளுக்கு இல்லை. தன் கல்யாணத்துக்கும் டைமர் வைத்துப் படம் எடுத்தவர் செல்வதாஸ், அவருக்குத் தெரியாதா.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். ஒரு மணிக்கூறு நின்னு பாத்தேன்." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "வெயிலு சொர்ணம்மாளுக்க பின்பக்கத்துலேருந்து அடிச்சிருந்தா பல்லு கறுத்துப் போயிருக்கும். நான் பயந்தேன், இம்புட்டுப் பெருசாக்கினா கலங்கிருமோன்னு. கலங்கல்ல. அந்தக் கைக்க நரம்புகூடத் தெரியுது."

செல்வதாஸுக்குக் கண்ணுகடி பற்றிக்கொண்டு வந்தது. வெயில் எந்தப் பக்கம் என்று இவள் பார்த்தாளாமே! குடை பிடிக்க வந்தவள். முப்பத்தோரு வருஷமாக அவர் ஊருக்கெல்லாம் நடத்திய பாடத்தை ஊரில் ஒருத்தனும் கேட்கவில்லை, கேட்டவள் ஒருத்தி பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், கேட்டு அவரையே தாண்டிப் போயிருக்கிறாள். "சோறு போடுதியா இல்லியா?" என்று கத்தினார். பசி ஒன்றும் இல்லை.

சாப்பிட்டுவிட்டு ஸ்டூடியோவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்து மாட்டினார். வெட்டாத படம் அதில்தான் இருந்தது, வேறே எங்கும் கிடையாது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், எங்கேயாவது ஒரு குற்றம் அகப்படாதா என்று. ஓரத்தில் ஒரு வாளி தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. கொஞ்சம் கழித்துப் பார்த்தால் அந்த வாளியும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது. அழித்துவிடலாமா என்று விரலைப் பொத்தான் மேல் வைத்தார். யாருக்கும் தெரியாது, கேட்டால் கெட்டுப்போச்சு என்று சொல்லலாம். விரல் அமுங்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றிப் பழைய பிலிம் டப்பாக்கள் கிடந்த இழுப்பறையின் அடியில் செருகினார்.

ஜெனிலா சும்மா இருக்கிற பெண் இல்லை. அவளாகவே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டாள். பத்தாம் நாள் பதில் வந்தது, தேனொழுக வந்தது. படத்தை ஒரு ஏஜென்டிடம் வாங்கினோம், அவன் எங்களை ஏமாற்றிவிட்டான், மிகவும் வருந்துகிறோம். கோர்ட்டும் வக்கீலும் எதற்கு, பேசி முடிப்போம். படத்தை நானே எடுத்தேன் என்று திரு. செல்வதாஸ் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் ஒரு தொகை தருகிறோம். அத்துடன் நாடு முழுக்க எல்லா விளம்பரத்திலும் 'படம்: செல்வதாஸ்' என்று அச்சிடுகிறோம்.

செல்வதாஸ் அந்தக் கடிதத்தை எத்தனை முறை வாசித்தார் என்பதற்குக் கணக்கில்லை. தொகையைச் சொன்ன வரியை ஒருமுறைதான் வாசித்தார். வடசேரியில், மெட்ரோ ஸ்டேஷனில், மும்பையில், மூலையில் தன் பேர். ஆசைப்பட்டது தப்பா? சொல்லுங்க. முப்பத்தோரு வருஷம் குனிந்து குனிந்து முதுகு வளைந்துபோன மனுஷன்.

"வக்கீல் தேவையில்லைன்னு அவனே சொல்லிட்டான்" என்று கடிதத்தைச் சத்தியபாயிடம் நீட்டினார். "ஒரு கையெழுத்தோட முடிஞ்சு போவும்."

அவள் மெதுவாக வாசித்தாள். 'நானே எடுத்தேன்' என்ற இடத்தில் அவள் விரல் கொஞ்சம் நின்றதை அவர் கவனித்தார். "முடியட்டு" என்றாள். "கையெழுத்து போடதுக்கு முன்ன நம்ம ஜாஸ்பின்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருவோம். பெரிய கம்பெனி, எங்கயாவது மாட்டி விட்டிரப் போறான்."

ஜாஸ்பின் ஜெனிலாவோடு படித்தவள். நாகர்கோவிலில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் வக்கீல் ஆபீஸ். அவள் கல்யாணத்துக்கும் படம் எடுத்தது இவர்கள்தான். வரவேற்று உட்காரவைத்து, கடிதத்தை வாசித்துவிட்டு, "அங்கிள், நேராச் சொல்லுதேன்" என்றாள். "வெட்டாத ஒரிஜினல் உங்ககிட்ட இருந்தா கம்பெனிக்காரன் அசைய முடியாது. வக்கீல் வையுங்க, நோட்டீஸ் விடுவோம், அவனை நம்ம கோர்ட்டுக்கு இழுப்போம். ஒரிஜினல் இல்லைன்னா வக்கீல் வச்சுப் பிரயோஜனம் இல்ல. அவன் தாறதை வாங்கிட்டு எழுதிக் குடுத்திருங்க. ஒரிஜினல் இருக்கா?"

"இல்ல மக்கா. டிஸ்க் கெட்டுப் போச்சு."

சத்தியபாய் திரும்பி அவரைப் பார்த்தாள். ஸ்டூடியோ இழுப்பறைகளை வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுகிறவள் அவள்தான். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஏசினால் திருப்பி ஏசலாம்.

வாய் சும்மா இருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. "சும்மா பொதுவா ஒண்ணு கேக்கேன்" என்றார். "ஸ்டூடியோ ஒருத்தனுக்கு, படம் எடுத்தது வேற ஒருத்தர்னு வச்சுக்கோ. அப்போ காப்பிரைட் ஆருக்கு?"

"சம்பளத்துக்கு வேலை பாக்கிற ஆள்னா முதலாளிக்கு. இல்லைன்னா எடுத்தவங்களுக்கு."

"பெண்டாட்டியா இருந்தா?"

"பெண்டாட்டிக்குச் சம்பளம் குடுத்தாரா?"

"பெண்டாட்டிக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா!"

"அப்போ பெண்டாட்டிக்குத்தான் அங்கிள்" என்றாள் ஜாஸ்பின், கணக்குப் பாடம் சொல்லுகிற மாதிரி. சத்தியபாய் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வதாஸுக்குக் காது சுட்டது. ஒரு பைசாச் சம்பளம் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தாரே, அந்த மிச்சம் இப்படி வந்து முட்டுகிறது.

"ஏன் அங்கிள் கேட்டீங்க?"

அவர் பதில் சொல்லுமுன் சத்தியபாய் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மக்கா. இவருக்க பேருலயே எழுதிரு. இவருக்கு இது வேணும்."

இவருக்கு இது வேணும். சாக்லேட் கேட்டு அழுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். கோபமில்லை, குத்தலில்லை, கொடுத்தே விட்டாள். கொடுக்க அவளிடம் இருக்கிறது, அவரிடம் வாங்கத்தான் முடியும், அதுதான் அவரை அறுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். மூலையில் தன் பேர் நினைவுக்கு வந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

ஜாஸ்பின், கடிதத்தோடு கம்பெனி அனுப்பியிருந்த படிவத்தை எடுத்து வைத்தாள். "நாலே கேள்விதான். உங்க கைப்பட எழுதுங்க. பொய்யா எழுதினா பின்னால கேஸு உங்க மேலயே திரும்பும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

படம் எடுத்த தேதி. எழுதினார். இடம். எழுதினார். கேமரா. ரெண்டாவது கேமராவின் நம்பர் மனப்பாடம், அதையும் எழுதினார். நாலாவது கேள்வி, எடுக்கும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள், எப்படி எடுத்தீர்கள்.

பேனா நின்றது. நாற்காலி மேல் என்று எழுதலாமா? நாற்காலியிலிருந்து பார்த்தால் சொர்ணம்மாளின் கை பல்லை மறைக்கும். கம்பெனியிலும் படம் தெரிந்தவன் இருப்பான், கண்டுபிடித்துவிடுவான். பந்தல் காலுக்குப் பக்கம்? அங்கே நின்றால் போதகரின் தலை இடிக்கும். இது கொஞ்சம் உயரத்திலிருந்து, பக்கவாட்டில், வெயிலை முதுகுக்கு வாங்கி எடுத்த படம். அந்த முற்றத்தில் அப்படி ஒரு இடமே கிடையாதே! செல்வதாஸ் கண்ணை மூடி அந்த முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். படிவம் மறந்துபோயிற்று, கம்பெனி மறந்துபோயிற்று, வக்கீல் ஆபீஸ் மறந்துபோயிற்று. மூன்று வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது இதுதான். கேட்டால் அவள் எடுத்ததென்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றே கேட்காமல் வைத்திருந்தார்.

"ஏட்டி," என்றார் கண்ணைத் திறக்காமலே, "நீ எங்க நின்னு எடுத்த?"

ஜாஸ்பின் நிமிர்ந்தாள்.

சத்தியபாய் இந்தக் கேள்விக்காகவே மூன்று வருஷம் காத்திருந்தவள் போலச் சொன்னாள். "கிணத்துச் சுவருல. ஒரு காலு சுவரு மேல, மத்தக் காலு துவைக்கிற கல்லுல. பந்தல் காலை இடுப்பால அணைச்சுக்கிட்டேன். அங்க ஏறினாத்தான் வெயிலு முதுகுக்கு வரும்."

"கிணத்துச் சுவரா! பாசி பிடிச்சுக் கிடந்துதே, விழுந்திருப்பியே?"

"விழுந்தேனே. எடுத்ததுக்கு அப்புறம் விழுந்தேன், கேமராவை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. எல்லாரும் சொர்ணம்மாளைப் பாத்துக்கிட்டு நின்னதுல ஒருத்தரும் கவனிக்கல்ல. முட்டு வீங்கி ரெண்டு மாசம் நொண்டினேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க கேக்கல்லியே."

அவர் மூட்டுவாதம் என்று நினைத்திருந்தார். வாதத்துக்குத் தைலம் வாங்கிப் போடு என்று சொல்லியிருந்தார், அதுவும் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

ஜாஸ்பின் அவர் கைக்கடியிலிருந்து படிவத்தை மெதுவாக உருவி எடுத்தாள். அவர் பிடிக்கவில்லை, விடவும் இல்லை, ஒரு நொடி இரண்டு பேர் கையிலும் இருந்து பிறகு அவள் கைக்குப் போயிற்று.

"அங்கிள். ஒரிஜினல்?"

"இருக்கு" என்றார். "அதுல நானும் இருக்கேன். இன்னா, இப்பிடிக் கையத் தூக்கிக்கிட்டு. நான் எடுக்கல்லன்னு அதைப் பாத்தாலே தெரியும்."

"அப்போ நீங்க கம்பெனிக்கு எழுதிக் குடுக்கண்டாம். நீங்க சாட்சி" என்றாள் ஜாஸ்பின். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "ஆன்ட்டி, இனி உங்ககிட்டதான் கேக்கணும். வக்கீல் வைக்கணுமா, வேண்டாமா? நாள் இழுக்கும். ஜெயிச்சா படம் உங்க பேருல."

சத்தியபாய் வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தாள், சரி என்று சொல்லுவாரா, வேண்டாம் என்று சொல்லுவாரா என்று. செல்வதாஸுக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் துடித்தது. பேர் போயிற்று, மும்பை போயிற்று, இனி கோர்ட்டில் ஊர் முன்னால் கூண்டில் ஏறி, அவள்தான் எடுத்தாள் என்று வேறு சொல்லவேண்டும். உள்ளே கண்ணுகடி ஒரு பொட்டும் குறையவில்லை. கூடித்தான் இருந்தது.

"என்னை எதுக்குப் பாக்க?" என்று சிடுசிடுத்தார். "படம் உனக்கது. நீ சொல்லு."

"வைக்கேன்" என்றாள் சத்தியபாய்.

ஜாஸ்பின் வக்காலத்துத் தாளை அவள் முன் வைத்தாள். சத்தியபாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, அவசரப்படாமல் கையெழுத்துப் போட்டாள். செல்வதாஸ் எட்டிப் பார்த்தார். அவருடைய கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. அதுவும் எரிந்தது.